வெட்கம் வைத்தியத்தைத் தடுக்கலாமா?



வயது ஏறிய ஆண்மக்களுக்கு வரும் ஒரு வியாதியைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறோம். இதைக் கடையில் பேசமாட்டோம், வீட்டிலும் பேசமாட்டோம், பள்ளிவாசலில் தோளோடு தோள் உரச நிற்கும் நண்பரிடமும் பேசமாட்டோம். ஆகவேதான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, நீர் வெளிவரும் குழாயைச் சுற்றி, நெல்லிக்காயளவில் ஒரு சுரப்பி உண்டு. புராஸ்டேட் என்பார்கள். அதில் உண்டாகும் புற்றுநோய், சிங்கப்பூரில் ஆண்களை மிகுதியாகப் பீடிக்கும் புற்றுநோய்களில் ஒன்று. ஆஸ்பத்திரியில் இச்செய்தியைக் கேட்டுவிட்டுச் சிராங்கூன் சாலைக்குத் திரும்பி, ஒன்றும் நடவாததுபோல் கல்லாவில் உட்கார்ந்து விடுகிறார் நம்மவர். பின்னர், “எல்லாம் அல்லாஹ் விட்ட வழி” என்று சொல்லி டாக்டர் இருக்கும் திசையையே மறந்துவிடுகிறவர் ஒருவர். “நாளைக்கே அறுத்தெறியுங்கள்” என்று, ஒரு கேள்வியும் கேளாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறவர் மற்றொருவர். முன்னவர் செய்ததைத் தவக்குல் என்றும், பின்னவர் செய்ததைத் துணிவு என்றும் நாம் எண்ணிக் கொள்கிறோம். உண்மையில் இருவரும் கேட்க வெட்கப்பட்டவர்களே.

சகோதரர்களே! வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்பதை அறிவோம். ஆயினும் அந்த வெட்கத்தை ஸஹாபாக்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களுக்கு மறைவுறுப்பு சம்பந்தமான ஒரு சந்தேகம் இருந்தது. நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளாரை மணந்திருந்ததால் நேரில் கேட்க நாணினார்கள். அதற்காகக் கேளாமல் இருந்துவிட்டார்களா? இல்லை. மிக்தாத் (ரலி) அவர்களைக் கேட்கச் சொல்லி, விடையை அறிந்துகொண்டார்கள். நாணமும் காப்பாற்றப்பட்டது; அறிய வேண்டியதும் அறியப்பட்டது. நம்மால் வாய்விட்டுக் கேட்க முடியாவிட்டால், மகனையோ மருமகனையோ உடன் அழைத்துச் சென்று கேட்கச் சொல்வதில் என்ன குறை?

ஒரு கொள்கலன் சரக்கு வாங்குமுன் எத்தனை கேள்வி கேட்கிறோம்! தரமென்ன, எடையென்ன, எப்போது வந்து சேரும், கெட்டுப்போனால் யார் பொறுப்பு? உடலுக்காகவும் அப்படிக் கேளுங்கள். நோய் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே பரவிவிட்டதா? மெதுவாக வளரும் இனமா, வேகமாக வளரும் இனமா? ரண சிகிச்சை, கதிர்வீச்சு, காத்திருந்து கவனித்தல் என்னும் மூன்றில் எனக்கு எவையெவை பொருந்தும்? ஒவ்வொன்றிலும் நான் இழக்கக் கூடியது என்ன? மெடிசேவிலிருந்தும் மெடிஷீல்ட் லைஃபிலிருந்தும் எவ்வளவு கிடைக்கும்?

இவை வீண் கேள்விகளல்ல. பிரிட்டனில் நோய் சுரப்பிக்குள்ளேயே இருந்த 1643 பேரை மூன்று பிரிவாக்கி, இம்மூன்று வழிகளையும் ஒப்பிட்டார்கள். பதினைந்து ஆண்டுகளின் முடிவு 2023இல் வெளிவந்தது. எந்தப் பிரிவிலும் இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு மூன்று பேர்தாம். ஆனால் காத்திருந்தவர்களில் நோய் வேறிடம் பரவியது நூற்றுக்கு ஒன்பது பேருக்கு மேல். மற்ற இரு பிரிவுகளில் ஐந்து பேருக்கே. ரண சிகிச்சை பெற்றவர்களுக்கோ வேறு நஷ்டம்: பல ஆண்டுகள் சென்ற பின்னும் நூற்றுக்கு 18 முதல் 24 பேர் நீர்க்கசிவுக்காகப் பேட் அணிய வேண்டியிருந்தது. தாம்பத்திய சக்தி குறைவதும் அவர்களிடத்தில் அதிகம். ஆக, லாபம் மட்டும் உள்ள வழி என்று ஒன்றில்லை.

இக்கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. வேகமாக வளரும் நோய்க்கும், பரவிவிட்ட நோய்க்கும் கணக்கு வேறு. காத்திருத்தல் என்பதும் சும்மா இருப்பதன்று. குறித்த தவணையில் இரத்தப் பரிசோதனைக்குப் போகாதவர் காத்திருப்பவரல்லர், கைவிட்டவர்.

நம் நாட்டின் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அவர்களுக்கு 2015இல் இந்நோய் கண்டது. எடுத்துப் பார்த்த 38 திசு மாதிரிகளில் ஒன்றில்தான் புற்று இருந்தது. மருத்துவர் குழுவின் ஆலோசனையைக் கேட்டு, ரண சிகிச்சையைத் தேர்ந்து, அதை நாட்டுக்குப் பகிரங்கமாக அறிவித்துவிட்டு, பிப்ரவரி 16ஆம் தேதி சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் செய்துகொண்டார். அவர் தேர்ந்ததையே எல்லோரும் தேர வேண்டுமென்பதில்லை. அவர் மறைக்கவில்லை, கேட்டு முடிவு செய்தார் என்பதையே நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம்மவரை உள்ளூர வாட்டும் அச்சம் ஒன்று உண்டு. “நீர் கசிந்தால் தொழுகை என்னாகும்? பள்ளிக்கு எப்படிப் போவேன்?” என்பதே அது. மார்க்கம் இதற்கு வழி காட்டாமல் விடவில்லை. இரத்தப்போக்கு நிற்காத ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) என்னும் மாதரசி தொழுகையை விட்டுவிடலாமா என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். வழக்கமான மாதவிலக்கு நாட்கள் கழிந்தபின், இரத்தத்தைக் கழுவிவிட்டுத் தொழும்படி விடை கிடைத்தது. இதைக் கொண்டே, இடைவிடாது நீர் கசிபவருக்கும் இமாம்கள் சட்டம் வகுத்தார்கள். வக்து வந்தபின் சுத்தம் செய்து, பேட் கட்டி, ஒளூச் செய்து தொழ வேண்டியது. ஷாஃபி மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனி ஒளூ, தாமதமும் கூடாது. ஹனஃபி மத்ஹபில் அந்த வக்து முடியும் வரை அதே ஒளூ போதும். எஞ்சிய விவரத்தை அங்குலியா பள்ளியிலோ அப்துல் கபூர் பள்ளியிலோ இமாமைத் தனியே கண்டு கேளுங்கள். தொழுகை போய்விடுமென்று அஞ்சி வைத்தியத்தை விடுவது, அல்லாஹ் எளிதாக்கியதை நாமே கடினமாக்கிக் கொள்வதாகும்.

மனைவியிடமும் பேசுங்கள். இழப்பதில் அவருக்கும் பங்குண்டு. நோயாளிக்குப் பணிவிடை செய்யப் போகிறவரும் அவரே. அவருக்குத் தெரியாமல் முடிவெடுப்பது, கூட்டாளியைக் கேளாமல் கடையை விற்பது போன்றதல்லவா?

இனி, எல்லாம் கேட்டபின் டாக்டர்களின் அபிப்பிராயங்களே வேறுபட்டால் என்ன செய்வது? ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் என்ற செய்தி, வழியிலிருந்த உமர் (ரலி) அவர்களுக்கு எட்டியது. முஹாஜிர்களைக் கேட்டார்கள், கருத்து வேறுபட்டது. அன்ஸாரிகளைக் கேட்டார்கள்; அங்கும் வேறுபட்டது. பிறகு குறைஷி முதியவர்களைக் கேட்டு, திரும்பிச் செல்ல முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்வதாக விடை பகர்ந்தார்கள். கேட்டு, ஆலோசித்து, இஸ்திகாராத் தொழுது, அதன்பின் அறுவைக்கு இசைந்தாலும் காத்திருக்க இசைந்தாலும், இரண்டும் அவன் விதிக்குள்தான். அப்படி முடிவெடுத்தபின் மனத்தை அவனிடம் ஒப்படைப்பதற்குத்தான் தவக்குல் என்று பெயர்.

நோயுற்ற நம் சகோதரர்களுக்கு வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், கேட்கும் துணிவையும், தேர்ந்த வழியில் மன அமைதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.