மலிவானது எது?

புதுதில்லியின் சரோஜினி நகர் சந்தையை அறியாதவர்கள் அந்நகரில் குறைவு. ஏற்றுமதிக்காகத் தைக்கப்பட்டு எஞ்சிய ஆடைகளும், சிறு குறை காரணமாகத் தள்ளப்பட்ட ஆடைகளும் அங்கே குவியல் குவியலாக விற்கப்படுகின்றன. ஒரு பொத்தான் இல்லை, ஓரிடத்தில் தையல் பிரிந்திருக்கிறது என்றால் போதும், விலை சரிந்துவிடும்.

ஒரு மாலை அங்கே தமிழ்ப் பெண்மணி ஒருவர் மகளுக்குச் சட்டை வாங்கினார். "எவ்வளவு சீப் பார்த்தாயா!" என்று மகிழ்ந்தார். மீதிச் சில்லறையில் பத்து ரூபாய் குறைந்தது. வியாபாரியோடு வாக்குவாதம் எழுந்தது. பணத்தைப் பெற்றுக்கொண்டு திரும்புகையில் அவர் மகளிடம், "சீப்பான ஆள்" என்றார். சில நிமிட இடைவெளியில் அதே சொல் பொருளுக்குப் புகழ்ச்சியாகவும் மனிதனுக்கு இகழ்ச்சியாகவும் அமைந்துவிட்டது.

ஆங்கிலத்திலிருந்து நம் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்ட இச்சொல்லின் வரலாறு சுவையானது. பழைய ஆங்கிலத்தில் இதற்கு வணிகம், பேரம் என்றே பொருள். சிறு வணிகனையும் விடுதி நடத்துபவனையும் குறித்த 'கௌபோ' என்னும் லத்தீன் சொல்லே இதன் மூலம் என்பது மொழியறிஞர் கருத்து. லண்டனில் 'சீப்சைட்' என்று ஒரு தெரு உண்டு. மலிவான தெரு என்பதன்று அதன் பொருள். அது பழைய சந்தைத் தெரு. நல்ல பேரத்தை 'குட் சீப்' என்றார்கள். காலப்போக்கில் 'குட்' உதிர்ந்தது. குறைந்த விலை என்னும் பொருள் நின்றது. பிறகு தரம் குறைந்தது என்றாயிற்று. இறுதியில் அற்பமானவன் என்று மனிதன்மீதும் ஏறி அமர்ந்தது. சந்தையில் பிறந்த சொல் சந்தையின் எல்லையைக் கடந்துவிட்டது.

நம் மொழியின் 'மலிவு' வேறு வழியில் வந்தது. மலிதல் என்றால் நிறைதல், மிகுதல். விளைச்சல் மலிந்தால் விலை இறங்குகிறது. ஆகவே மலிவு என்பது அடிப்படையில் வளத்தின் பெயர். வடமொழியில் 'சுலபம்' என்றால் எளிதில் கிடைப்பது. யாவர்க்கும் எளியவனாக இறைவன் இறங்கி வருவதைச் சௌலப்பியம் என்று பெரியோர் போற்றினர். எளிதில் கிடைப்பதாலேயே ஒன்று இழிந்ததாகிவிடாது என்னும் உண்மை இச்சொற்களில் அடங்கியிருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. விலை வேறு, மதிப்பு வேறு என்றால் அவற்றைப் பிரிக்கும் கோடு எது? ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785-இல் வெளியிட்ட அறவியல் நூலில் இதற்கு விடை கூறினார். எதற்கு ஈடாக வேறொன்றை வைக்க முடியுமோ அதற்கு விலை உண்டு. எதற்கு ஈடே இல்லையோ அது விலைக்கு அப்பாற்பட்டது. அதற்கு இருப்பது மாண்பு. மனிதன் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன் என்பது அவர் முடிவு.

இவ்வுண்மையைச் சரோஜினி நகர் பெருந்துயரோடு கண்டிருக்கிறது. 2005 அக்டோபர் 29 அன்று, தீபாவளிக்குச் சில நாட்களே இருந்த மாலையில், தில்லியில் மூன்று இடங்களில் குண்டுகள் வெடித்தன. 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் இச்சந்தையில் இருந்தவர்கள். கடைகள் மீண்டும் திறந்தன, சரக்குகள் மீண்டும் வந்தன. சென்ற உயிர்களுக்கு ஈடாக எதுவும் வரவில்லை. அதே மாலை கோவிந்தபுரியில் ஓர் அரசுப் பேருந்தில் சந்தேகத்திற்குரிய பை ஒன்று இருந்தது. பயணிகளைக் காக்க அதை அப்புறப்படுத்திய ஓட்டுநர், அது வெடித்ததில் தம் பார்வையை இழந்தார். பிறர் உயிரை மலிவாக எண்ணியவர்களும், முன்பின் அறியாதவர் உயிரைத் தம் கண்ணினும் மேலாக மதித்தவரும் ஒரே நாளில் ஒரே நகரில் இருந்தார்கள். வேற்றுமை அவரவர் பார்வையில்தான் இருந்தது.

"பத்து ரூபாய் ஏமாற்றுபவனைக் கண்டிக்கக் கூடாதா?" என்று கேட்கலாம். கண்டிக்கலாம், பணத்தைக் கேட்டுப் பெறவும் வேண்டும். ஆனால் 'நீ செய்தது தவறு' என்பது ஒரு செயலைப் பற்றிய தீர்ப்பு. 'நீ சீப்பானவன்' என்பதோ ஒரு மனிதனுக்கு விலைச்சீட்டு ஒட்டுவது. செய்த தவறு திருத்தப்படக்கூடியது. திருந்துவதற்கு ஆளை விட்டுவைப்பது நம் கடமை. மேலும், பேரங்காடியில் கேட்ட விலையைப் பேசாமல் கொடுக்கும் நாம், தெருவோர வியாபாரியிடம் மட்டும் கடைசி ரூபாய் வரை பேரம் பேசுவது ஏன் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவருடைய சரக்கோடு அவரையும் சேர்த்தே நாம் மலிவாக எடைபோடுகிறோமோ?

தையல் பிரிந்த சட்டைக்கு விலை குறைத்துக் கேட்பது நியாயமே. அதே கண்ணோடு மனிதரைப் பார்க்கத் தொடங்கினால், குறையற்றவர் என்று நம் முன் ஒருவரும் மிஞ்சமாட்டார். கண்ணாடியில் தெரிபவரும் அதற்கு விலக்கல்லர். அடுத்த முறை அச்சொல் நாவின் நுனிக்கு வரும்போது, நம் எதிரே இருப்பது பொருளா, மனிதரா என்று ஒரு கணம் நின்று பார்ப்போம்.