பிரளய ஓடமும் ஒரு தர்ம விசாரமும்

பெருவெள்ளத்தில் உலகம் அமிழ, ஓர் ஓடத்தில் ஏறியோர் மாத்திரம் பிழைத்தனர் என்னும் வரலாறு நமது புராணங்களில் மட்டும் காணப்படுவதன்று. யூப்ரடீஸ், டைகிரீஸ் என்னும் இரு நதிகளுக்கு நடுவே, இன்றைய இராக் நாட்டில், மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே வாழ்ந்த பாபிலோனியர் இதனைக் களிமண் பலகைகளில் ஆப்பெழுத்தால் பொறித்து வைத்தனர். அவ்வரலாற்றைக் கூறும் பலகைகளுள் சில, நினிவே நகரில் அசுர்பனிபால் மன்னன் தொகுத்த நூலகத்தின் இடிபாடுகளிற் கிடைத்தன. பிரிட்டிஷ் மியூசியத்தில் பணிபுரிந்த ஜார்ஜ் ஸ்மித் என்பார் 1872ஆம் ஆண்டில் அவற்றைப் படித்தறிந்து உலகிற்கு வெளியிட்டார். அன்று தொட்டு, எக்கதை எதற்கு மூலம் என்னும் வழக்கு அறிஞரிடையே நடந்து வருகின்றது. அவ்வழக்கு இங்கு வேண்டுவதில்லை. பல்லாயிரவர் மாள ஒருவர் பிழைப்பாராயின், அவர் எதனாற் பிழைத்தார்? தம்மை நாடி வந்த சிற்றுயிருக்கும், தம்மைச் சூழ வாழ்ந்த ஊராருக்கும் அவர் செய்தது யாது? இவ்வினாவே விசாரத்திற்குரியது.

முதலில் பாபிலோனியர் கூறுவதைக் காண்போம். கால்வாய் வெட்டும் கடும் பணி தேவர்களுக்கே உரியதாயிருந்ததாம். அதனைச் சுமக்க மாட்டாது அவர்கள் கிளர்ந்தெழவே, கொல்லப்பட்ட ஒரு தேவனின் ஊனையும் உதிரத்தையும் களிமண்ணொடு பிசைந்து மனிதன் படைக்கப்பட்டான். பாரம் சுமக்கப் பிறந்த அம்மனிதன் பெருகினான். பெருகியவனின் ஆரவாரம் என்லில் என்னும் தலைமைத் தெய்வத்தின் உறக்கத்தைக் கெடுத்தது. கொள்ளை நோயை ஏவினான், மழையைத் தடுத்தான், பஞ்சத்தை விடுத்தான், ஈற்றில் வெள்ளத்தை விடுப்பதெனத் தீர்மானித்து, ஏனைய தேவர்களையும் இரகசியம் காக்குமாறு ஆணையிற் கட்டினான். ஏயா என்னும் தெய்வம் மாத்திரம் மனிதர்பால் இரக்கமுடையது. ஆணையை மீறலாகாது, அன்பனை இழக்கவும் இயலாது. ஆகவே அத்தெய்வம் மனிதனிடம் பேசாது, அவனது குடிசையின் நாணற் சுவரை விளித்துப் பேசிற்று. சுவரருகே இருந்தவன் கேட்டுக்கொண்டான். தெய்வத்தின் கருணை சுவர் வழியே ஒதுங்கி வரவேண்டியிருந்தது என்பது எத்துணை இரங்கத்தக்கது!

இனித்தான் தர்ம சங்கடம் எழுகின்றது. ஓடம் எதற்கு என ஊரார் வினவினால் என் சொல்வது? என்லிலுக்கு என்மீது வெறுப்பு. ஆதலின் ஏயாவிடம் போகின்றேன். உங்கள்மீது வளமெல்லாம் மழையாகப் பொழியும் என்று இரு பொருள்படக் கூறுமாறு ஏயாவே சொல்லிக் கொடுத்தது. ஊரார் அதனை நம்பி மகிழ்ந்து ஓடம் கட்ட உதவினர். உத்னபிஷ்டிம் தன் சுற்றத்தாரையும் விலங்குகளையும் கைவினைஞரையும் ஏற்றிக்கொண்டான், அதனை மறைத்தலாகாது. ஆயினும் ஒருவன் வெளியே நின்றான். அவன் பெயர் புசுர்-என்லில். பெயரிலேயே என்லிலைத் தாங்கியவன். ஓடத்தின் கதவை வெளிப்புறமிருந்து அடைத்து மெழுகியவன் அவனே. அப்பணிக்கு ஊதியமாக உத்னபிஷ்டிம் தன் அரண்மனையை, அதிலுள்ள பொருள்களோடும், அவனுக்கு ஈந்தான். மறுபொழுதில் நீரில் மூழ்கப் போகும் அரண்மனை! கில்காமேஷ் காவியத்தைப் பாடிய புலவன் இதற்கு ஒரு சொல்லும் விளக்கம் தரவில்லை. விளக்கம் தராமையே நம்மை உறுத்துகின்றது.

எனினும் அந்நாட்டாருக்கு நெஞ்சம் இல்லை என்று எண்ணுதல் பெரும் பிழை. இதே வரலாற்றைக் கூறும் அத்ரஹசிஸ் என்னும் பழைய காவியத்தில், ஓடமேறுமுன் நடந்த விருந்தில் அவன் உட்காரவும் மாட்டாமல், மண்டியிடவும் மாட்டாமல், உள்ளும் புறமும் அலைந்து, நெஞ்சுடைந்து பித்தநீர் கக்கினான் என்று வருகின்றது. பிறர் உண்டு களிக்கின்றனர். அறிந்தவன் ஒருவன் உண்ண மாட்டுகிலன். வெள்ளம் வந்தபின் உயிர்களைப் பெற்ற தாய்த் தெய்வமும் தன் மக்கள் நீர்மேல் தட்டான்பூச்சிகள் போல் மிதப்பதைக் கண்டு புலம்பினாள். பலியிடுவோர் இன்மையால் தேவர்கள் பசித்தனர். வெள்ளம் வடிந்து முதற்பலி இடப்பட்ட போது, அதன் மணம் நுகர்ந்து ஈக்கள் போல் மொய்த்தனர். ஏயா என்லிலை நோக்கி, பாவம் செய்தவன் மீதே அவன் பாவத்தைச் சுமத்தாமல் அனைவரையும் அழித்தது என்ன நியாயம் என்று இடித்துரைத்தது. ஒரு நாகரிகம் தன் தெய்வத்தை நோக்கித் தானே நியாயம் கேட்ட அவ்விடம் வணங்கத்தக்கது என்பது நமது துணிபு.

இனி நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். சதபத பிராம்மணத்தில் அது சுருங்கக் காணப்படும். காலையில் மனு கைகழுவும் நீரில் ஒரு சிறு மீன் வந்தது. என்னை வளர்ப்பாயாக, உன்னை நான் காப்பேன் என்றது. இங்கே கொடுக்கல் வாங்கல் இருக்கின்றது. ஸ்ரீமத் பாகவதத்தின் அஷ்டம ஸ்கந்தத்திலோ அது நீங்கிவிடுகின்றது. திராவிட தேசத்து அரசனான சத்தியவிரதன் கிருதமாலா நதியில் நின்று ஜலதர்ப்பணம் செய்கின்றான். அஞ்சலியில் வந்த மீனை ஆற்றிலேயே விட்டுவிடுகின்றான். அது, பெரிய மீன்கள் என்னை விழுங்குமே, அவற்றிடம் விடலாமோ என்று முறையிடுகின்றது. தன்னை அனுக்ரஹிக்க வந்த எம்பெருமான் என்று அரசன் அறியான். அறியாமலே கமண்டலத்தில் ஏற்றுக்கொள்கின்றான். பிரளயம் வரும் என்ற பேச்சே அப்பொழுது இல்லை. பிரதி உபகாரம் பற்றிய சொல்லும் இல்லை. அபயம் என்று வந்தது, அரசன் கொடுத்தான். அவ்வளவே.

கிருதமாலா என்பது வைகையே என்பாரும், மதுரைக் கூடலழகர் திருக்கோயிலுக்கு அண்மையில் ஓடும் கிருதுமால் நதி என்பாரும் உளர். பின்னதே அதுவாயின், இன்று நகரத்துக் கழிவுநீரைச் சுமந்து செல்லும் அந்நதியில் அஞ்சலி நீர் அள்ளுவோர் யார்? மீன் வந்து அபயம் கேட்கவும் அங்கே வழியில்லை.

பெரிய மீன் சிறிய மீனை விழுங்குதல் என்பது வெறும் கதைக் குறிப்பன்று. அரசனற்ற நாட்டில் வலியவன் எளியவனை விழுங்குவதை நம் முன்னோர் மத்ஸ்ய நியாயம் என்றனர். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், இம்மத்ஸ்ய நியாயத்தால் நலிந்த குடிகளே வைவஸ்வத மனுவைத் தம் அரசனாகக் கொண்டு, விளைவில் ஆறில் ஒரு பங்கை அவனுக்கு வகுத்தனர் என்று கூறும். சத்தியவிரதனே இக்கல்பத்தில் வைவஸ்வத மனுவானான் என்பது பாகவதம். இரண்டையும் சேர்த்துப் பார்க்குங்கால் ஒன்று விளங்குகின்றது. பெரிய மீனிடமிருந்து ஒரு சிறு மீனைக் காத்தவனிடமே, பெரியோரிடமிருந்து சிறியோரைக் காக்கும் செங்கோல் சென்றது. இந்நூல்கள் தம்முள் கலந்து பேசி இவ்வாறு அமைத்தன என்று கூறுவதற்கில்லை. ஆயினும் இப்பொருத்தம் பொருளற்றது என்று தள்ளவும் மனம் ஒருப்படவில்லை.

நம் கதையிலும் கேள்வி முற்றத் தீர்ந்துவிடவில்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ளல் வேண்டும். பாகவதம் கூறும் பிரளயம் யாருடைய கோபத்தாலும் நேர்ந்ததன்று; பிரம்மதேவனின் பகல் முடிந்து இரவு தொடங்குங்கால் இயல்பாய் வருவது. ஓஷதிகளும் வித்துக்களும் ஸப்தரிஷிகளும் பலவகை உயிர்களும் ஓடத்தில் இடம் பெறுகின்றன. வாசுகி கயிறாக, மீனின் கொம்பில் ஓடம் பிணைக்கப்படுகின்றது. உறக்கம் கெட்ட தெய்வத்தின் சினம் இங்கு இல்லை. ஆயினும் ஏறாதவர் உளரே, அவர் கதி யாது என்று ஒரு சிறுவன் கேட்பானாயின், காலம் என்றும் கர்மம் என்றும் நாம் கூறுவோம். அவ்விடை நம் அறிவுக்குப் போதும். புசுர்-என்லிலின் முகம் நினைவில் வருங்கால் நெஞ்சுக்குப் போதுவதில்லை.

இறுதியிற் கிடைத்த பேறும் இரு கதையிலும் வெவ்வேறு. உத்னபிஷ்டிமும் அவன் மனைவியும் முழந்தாளிட, என்லில் அவர்தம் நெற்றியைத் தொட்டு, சாவில்லாதவராக்கி, நதிகளின் முகத்துவாரத்தில் வெகு தொலைவில் குடியமர்த்தினான். பின்னொரு நாள் கில்காமேஷ் அவனைத் தேடிச் சென்ற போது, மல்லுக்கு நிற்க வேண்டிவரும் என்று எண்ணி வந்தவன், அவன் மல்லாந்து படுத்திருக்கக் கண்டு திகைத்தான். சத்தியவிரதனுக்கோ ஓய்வு அருளப்படவில்லை. ஒரு மன்வந்தரம் முழுவதும் உயிர்களைப் புரக்கும் பொறுப்பே அருளப்பட்டது. அம்மன்வந்தரம் இன்னும் முடியவில்லை. இத்திருநாளில் தீர்த்தமாடி ஸங்கல்பம் செய்துகொள்ளும் அன்பர்கள், கையில் நீரேந்தி, வைவஸ்வத மன்வந்தரம் என்று அவன் பெயரையே சொல்லித் தொடங்குகின்றனர்.