உச்சியும் உடன் வந்தவனும்

எண்ணி வந்த காரியத்தை முடிக்காமல் ஒருவன் பாதி வழியில் திரும்புவானாயின், உலகம் அவனைத் தோற்றவன் என்கிறது. எதற்காகத் திரும்பினான் என்று கேட்பவர் சிலரே. இக்கேள்வியை என்னுள் எழுப்பிய ஒரு நிகழ்ச்சியை வாசக அன்பர்களின் முன் வைக்க விரும்புகிறேன். அதனோடு என் வாழ்வில் நான் செய்த ஒரு குற்றத்தையும் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்.

தில்லி மாநகரில் யமுனையின் கீழ்க்கரையில் மயூர் விஹார் என்னும் குடியிருப்பு உள்ளது. தமிழ்க் குடும்பங்கள் பல அங்கு வாழ்கின்றன. சென்ற ஆண்டு புரட்டாசித் திங்களில் அன்பர் ஒருவர் இல்லத்தில் பத்து நாட்கள் தங்கி, மாலை வேளைகளில் அங்குள்ளாரிடம் பேசி வந்தேன். ஒரு நாள் பேச்சு முடிந்ததும் இருபத்து நான்கு வயதுடைய இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, நான் செய்தது சரியா தவறா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். அருகில் அமர்ந்திருந்த அவருடைய தந்தையார், "ஆறு மாதச் சேமிப்பைப் பனியில் கொட்டிவிட்டு வந்தவன் ஐயா இவன்" என்று சொல்லிச் சிரித்தார். இளைஞர் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். அவரும் நண்பர் மூவரும் லடாக்கிற்கு மலையேறச் சென்றனர். லடாக்கின் முதன்மை நகராகிய லே, சிந்து நதியின் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திற்குச் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நகரின் மேலே சாந்தி ஸ்தூபம் இருக்கும் குன்றில் நின்று நோக்கினால், பள்ளத்தாக்கிற்கு அப்பால் ஸ்டோக் மலைத்தொடர் வெண்சுவர் போல் தெரியும். அதில் தலையாயது 6,153 மீட்டர் உயரமுள்ள ஸ்டோக் காங்ரி. ஏறுவோர் கூட்டம் மிகுந்து, அடிவாரத்துச் சிற்றூரின் நீருக்கே கேடு வந்தமையால், 2020ஆம் ஆண்டில் அம்மலையை ஏறுவோர்க்கு அடைத்தனர். இந்த இளைஞர்கள் தேர்ந்தது மார்க்கா பள்ளத்தாக்கின் தலைமாட்டில், 6,200 மீட்டருக்கு மேல் நிற்கும் காங் யாட்சேயின் இரண்டாம் சிகரம்.

ஐயாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. ஆதலின் உடல் அதற்குப் பழகுவதற்கு நாட்கள் வேண்டும். நால்வரும் லே நகரில் மூன்று நாள் இளைப்பாறினர்; பின்னரும் மெல்ல மெல்லவே ஏறினர். அவர்களுடைய சுமையை எடுத்து வந்த நேபாளத்து வாலிபருக்கோ அந்த ஓய்வு கிட்டவில்லை. சமவெளியிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே அவர் முதுகில் மூட்டை ஏறிவிட்டது. மலைநாட்டில் பிறந்தவனுக்கு மலை நோய் வாராது என்று எவரோ எண்ணிவிட்டார் போலும். சமவெளியில் சில மாதம் தங்கி மீளும் மலைவாசிக்கும் அந்நோய் வரும் என்பதை மருத்துவர் அறிவர்.

நள்ளிரவில் உச்சி நோக்கிப் புறப்பட்டனர். பனிச்சரிவு தொடங்கும் இடத்தை அடைந்தபோது அந்த வாலிபர் இருமுறை வாந்தி எடுத்தார். குடித்தவனைப் போல் கால் தடுமாறியது. காலணிக் கயிற்றைக் கட்ட விரல்கள் இணங்கவில்லை. மூளையில் நீர் கோக்கும்போது தோன்றும் குறிகள் இவை. இதற்குத் தலையாய மருந்து ஒன்றே: தாமதமின்றிக் கீழே இறங்குதல். வழிகாட்டி, "இவன் இங்கேயே உட்கார்ந்திருக்கட்டும், சில மணி நேரத்தில் நாம் திரும்பிவிடுவோம்" என்றார். நண்பர் மூவரும் இசைந்தனர். இந்த இளைஞர் இசையவில்லை. வாலிபரின் தோளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, வந்த வழியே விளக்கொளியில் இறங்கினார். விடியுமுன் கூடாரத்தை அடைந்தனர். பகலில் குதிரை மேல் ஏற்றி இன்னும் கீழே கொண்டு சென்றார். மாலையில் அவ்வாலிபர் எழுந்து கஞ்சி குடித்தார்.

நண்பர்கள் உச்சியை அடைந்து, ஒளிப்படத்துடன் திரும்பினர். "நீ பயந்து இறங்கினாய், அவனை ஒரு சாக்காகக் கொண்டாய்" என்றனர். அச்சொல்தான் இவரை அரித்துக்கொண்டிருந்தது. "உண்மையிலேயே எனக்கும் அப்போது பயம் இருந்தது ஐயா, அதனால்தான் என் மனத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை" என்றார்.

நண்பர்களின் வாதங்களை இகழ்ந்து தள்ளாமல் ஆராய்வோம். 'அவன் கூலி பெற்று வந்தவன். ஆபத்து அவன் தொழிலோடு சேர்ந்தது' என்பது முதல் வாதம். கூலி என்பது உழைப்பின் விலையேயன்றி உயிரின் விலை அன்று. மூட்டையைச் சுமக்க உடன்பட்டவன், தான் விழுந்தால் விட்டுச் செல்லவும் உடன்பட்டான் என்று எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது?

'அவன் சாகவில்லையே, உட்கார்ந்திருந்தாலும் பிழைத்திருப்பான்' என்பது இரண்டாவது. பிழைத்திருக்கலாம். ஆனால் செயலின் தன்மையை, செய்யும் நேரத்தில் நமக்குத் தெரிந்ததைக் கொண்டே அளக்க வேண்டும். பின்னால் வந்த நல்விளைவு, முன்னால் காட்டிய அலட்சியத்தை நியாயமாக்காது. அவர் பிழைத்ததும் கீழே இறக்கப்பட்ட பின்னரே அன்றோ?

'நீ பயந்தாய்' என்பது மூன்றாவது. அன்பர்களே, நற்செயலைச் செய்யும்போது மனம் பளிங்கு போல் இருக்க வேண்டும் என்று காத்திருந்தால், இவ்வுலகில் எவரும் எவருக்கும் தண்ணீர்கூடக் கொடுக்க முடியாது. அச்சம் இருந்திருக்கலாம், களைப்பும் இருந்திருக்கலாம். அச்சம் மட்டும் உடையவன் தனியே இறங்கியிருப்பான். இவர் இன்னொருவரைத் தோளில் தாங்கி இறங்கினார். அத்தோளே சான்று.

இக்கேள்வி புதியதன்று. 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்ட் மலையில், உச்சிக்குச் சற்றுக் கீழே டேவிட் ஷார்ப் என்னும் ஆங்கிலேயர் உயிர் ஒடுங்கிக் கிடந்தார். ஏறத்தாழ நாற்பது பேர் அவரைக் கடந்து சென்றனர் என்பர். சிலர் இருளில் கவனிக்கவில்லை. சிலர் இறந்துவிட்டார் என்று எண்ணினர். சிலர் உதவ முயன்றும் பயனில்லை. அவர் மாண்டார். அதே மாதம் 26ஆம் நாள், இறந்தவர் என்று விடப்பட்ட லிங்கன் ஹால் என்னும் ஆஸ்திரேலியரை, டான் மசூர் என்பாரும் அவர் குழுவினரும் உயிருடன் கண்டனர். உச்சி கண்ணெதிரே இருந்தது, வானம் தெளிந்திருந்தது. அவர்கள் உச்சியை விடுத்து அவரைக் காத்து நின்றனர். ஹால் பிழைத்தார். ஒரே மலை, ஒரே மாதம்; மனிதர் இரு வேறு வகையில் நடந்துகொண்டனர்.

உச்சியில் கால் படாவிடில் ஏறியது வீண் என்பாரும் உளர். 1955ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்காவை முதன்முதல் ஏறிய ஜோ பிரௌனும் ஜார்ஜ் பேண்டும், சிக்கிம் மக்கள் அம்மலையைப் புனிதமாகக் கொண்டமையால், கொடுத்த வாக்கின்படி உச்சியை மிதியாமல் சற்றுக் கீழேயே நின்றுவிட்டனர். அதனால் அவர்கள் பெருமை எள்ளளவும் குறைந்ததா?

இனி என் குற்றத்தைச் சொல்லுகிறேன். 1993ஆம் ஆண்டு; எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பஞ்சாலை ஒன்றில் இரவு ஷிப்டில் ரிங் பிரேம் பார்த்து வந்தேன். எனக்கு அவ்வேலையைக் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் அடுத்த பிரேமில் நின்றார். பஞ்சுத் தூசியால் நெஞ்சு கெட்டவர். ஓரிரவு அவர் மூச்சுத் திணறிச் சுவரோரம் சரிந்தார். நான் ஓடப் போனேன். மேஸ்திரி, "இழை அறுகிறது பார், அவன் எழுந்துகொள்வான்" என்றார். நான் திரும்பி நின்று இழை முடிந்தேன். அரை மணி நேரம் முடிந்தேன். அதன் பிறகே அவரைத் தூக்கிச் சென்றனர். அன்றைய உற்பத்திக் கணக்கில் ஒரு குறையும் இல்லை.

அண்ணன் பிழைத்தார், வேலைக்குத் திரும்பவில்லை. பல நாள் கழித்து அவரைக் காணச் சென்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நீ பக்கத்தில்தானே நின்றாய், தம்பி?" என்று மட்டும் கேட்டார். முப்பது ஆண்டுகள் கடந்தும் என்னிடம் விடை இல்லை. வேலை போய்விடும், வீட்டில் அடுப்பு எரியாது என்னும் அச்சம் எனக்கு இருந்தது உண்மை. மலையில் நின்ற மூவருக்கோ இழக்க இருந்தது ஒரு காட்சி மட்டுமே. ஆயினும் இரண்டிற்கும் வேர் ஒன்று: உடன் நிற்பவனை மனிதனாகக் காணாமல், நம் காரியத்தின் ஒரு கருவியாகக் காணுதல். கருவி பழுதுபட்டால் ஓரமாக வைப்பது நம் வழக்கம் அன்றோ?

மறுநாள் காலை அந்த இளைஞரும் நானும் மூன்றாம் பகுதியில் ஒரு மாடி மேல் நின்றோம். காஜிப்பூர்க் குப்பை மேடு எதிரே தெரிந்தது. 1984ஆம் ஆண்டு முதல் மாநகரின் கழிவு குவிந்து எழுந்தது அது. 2002ஆம் ஆண்டிலேயே நிறைந்துவிட்டது என்றனர். எனினும் கொட்டுவது நிற்கவில்லை. 2019ஆம் ஆண்டில் 65 மீட்டரை எட்டியது என்றனர். 2017 செப்டம்பர் முதல் நாள் அதன் ஒரு பகுதி சரிந்து இருவர் மாண்டனர். நெகிழியும் இரும்பும் பொறுக்கி வயிறு வளர்ப்போர் அம்மேட்டில் ஏறி இறங்கினர். ஏறுவதுதான் பெருமை என்றால் அவர்களுக்கு மாலையிட்டவர் யார்? உயரம் மனிதனுக்கு மதிப்பைத் தருவதில்லை. தன்னோடு ஏறுபவனை அவன் எப்படி நடத்துகிறான் என்பதே தருகிறது.

மலை ஏறாதீர் என்று நான் சொல்லவில்லை. ஏறுங்கள், அது உடலை உரமாக்கும், கண்ணை விரிக்கும். ஆனால் ஏறுமுன் சுமை எடுப்பவரின் பெயரைக் கேளுங்கள். நீங்கள் இளைப்பாறிய நாட்கள் அவருக்கும் கிடைத்தனவா, உங்கள் குளிருடை போன்றது அவருக்கும் உண்டா என்று கேளுங்கள். அவர் இயலாதபோது எவர் திரும்புவது என்பதை அடிவாரத்திலேயே முடிவு செய்யுங்கள். உச்சி கண்ணில் பட்டபின் அதை முடிவு செய்வது அரிது.

இளைஞருக்கு நான் சொன்ன விடை இது: "தம்பி, நீ செய்தது சரி. நான் செய்யத் தவறியதை நீ செய்தாய்." தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மகனிடம், "அந்தப் பையன் பெயர் என்ன?" என்று கேட்டார். இறங்கும் வழியில்தான் கேட்டறிந்ததாகச் சொல்லி, மகன் அப்பெயரைக் கூறினார்.