கல்லாவில் சேராத செல்வம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியமிக்க சகோதரர்களே!

நாமெல்லாம் வியாபாரிகள். காலையில் கடைக் கதவைத் திறந்தால் இரவு பூட்டும் வரை கால் கடுக்க நிற்கிறோம். பூட்டியதும் கல்லாவை எண்ணுகிறோம். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, வர வேண்டிய பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் காசு பிசகாமல் நமக்குத் தெரியும். ஆனால், "இன்றைக்கு மனம் மகிழ்ந்து இருந்தீரா?" என்று ஒருவர் கேட்டால் வாய் அடைத்துப் போகிறது.

"கடன் தீரட்டும், மகள் நிக்காஹ் முடியட்டும், ஊரில் வீடு எழும்பட்டும், அப்புறம் சந்தோஷமாக இருக்கலாம்" என்கிறோம். அதாவது, மகிழ்ச்சியைப் பாக்கி ஏட்டில் எழுதி வைக்கிறோம். வீடு எழும்பிவிடுகிறது. பாக்கியை வசூலிக்கப் போகும் நாளில் ஆயுள் முடிந்துவிடுகிறது. இதைவிடப் பெரிய நஷ்டம் உண்டா?

வியாபாரத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் நாயகம் (ஸல்) அவர்களே கதீஜா நாயகி (ரலி) அவர்களின் சரக்கை ஏற்றிக்கொண்டு ஷாம் தேசம் சென்று வியாபாரம் செய்தவர்கள். ஜும்ஆ முடிந்தபின் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருளைத் தேடும்படி திருக்குர்ஆனே கூறுகிறது. அதே ஆயத்தில் அல்லாஹ்வை அதிகம் நினைவு கூரும்படியும் கூறுகிறது. முந்தியதைப் பிடித்துக்கொண்டோம், பிந்தியதை நழுவ விட்டோம்.

ஹன்ழலா (ரலி) என்னும் தோழர் ஒரு நாள் மிகவும் கலங்கிப் போனார்கள். நாயகத்தின் சபையில் இருக்கும்போது சுவர்க்கமும் நரகமும் கண்முன் நிற்பது போல் இருக்கிறது. வீட்டுக்குப் போய் மனைவி, மக்கள், தொழில் என்று கலந்ததும் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. ஆகவே நான் நயவஞ்சகன் ஆகிவிட்டேனோ என்று அழுதார்கள். அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களும், தமக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். இருவரும் நாயகத்திடம் சென்றார்கள். எப்போதும் அதே நிலையில் இருந்தால் மலக்குகள் உங்கள் படுக்கையிலும் பாதையிலும் கைகொடுப்பார்கள்; ஆனால் ஹன்ழலாவே, அதற்கு ஒரு நேரம், இதற்கு ஒரு நேரம் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறினார்கள். இதை மும்முறை சொன்னார்களாம்.

இந்த ஹதீஸில் நமக்குப் பெரிய வெளிச்சம் இருக்கிறது. வணக்கத்துக்கு நேரம் உண்டு. கடைக்கு நேரம் உண்டு. மனைவி மக்களோடு சிரித்துப் பேசவும் நேரம் உண்டு. நாமோ எல்லா நேரத்தையும் கடைக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

சரி, என்ன செய்வது? பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். குறைவானாலும் நிலையாகச் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது என்று ஹதீஸ் உண்டு. கடைப் பையனைப் பார்த்ததும் வேலையை ஏவுமுன் ஸலாம் சொல்லுங்கள். சகோதரன் முகம் பார்த்துப் புன்னகைப்பதும் ஸதகாதான். அதற்கு முதல் போட வேண்டியதில்லை. நாளில் ஒரு வேளையாவது குடும்பத்தாருடன் அல்லது வேலையாட்களுடன் ஒரே ஸஹனில் உண்ணுங்கள். எதிர்க் கடையில் எத்தனை பேர் நுழைகிறார்கள் என்று எண்ணாதீர்கள். உலக விஷயத்தில் நமக்கு மேலே உள்ளவரை அல்ல, கீழே உள்ளவரையே பார்க்கச் சொன்னார்கள் நம் நாயகம். இரவில் கல்லாவை எண்ணுமுன், அன்று கிடைத்த நிஃமத்துகளில் மூன்றை எண்ணி அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். கால் வலி தீராது. மனப் பாரம் குறையும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வாங்குவதும் விற்பதுமாகவே இருக்கிற நாம், நாமாக ஒன்றை உண்டாக்குவதே இல்லை. நாயகம் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள். தம் ஆடையைத் தாமே ஒட்டுப் போட்டார்கள் என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் கூறியிருக்கிறார்கள். ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் கவி பாடுவதற்குப் பள்ளிவாசலிலேயே ஒரு மிம்பர் போட்டுக் கொடுத்தார்கள். நல்ல கவிக்கு நம் தீனில் இவ்வளவு மதிப்பு.

நம் முன்னோரும் வியாபாரிகள்தாம். உமறுப் புலவர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் சீறாப்புராணம் பாட ஆதரவு தந்த சீதக்காதியும் அபுல் காசிம் மரைக்காயரும் வணிகர்கள். கடல் கடந்து வந்த இடத்திலும் நம்மவர் சும்மா இருக்கவில்லை. முகம்மது அப்துல் காதிர் புலவரின் முனாஜாத்துத் திரட்டு 1872-இலேயே சிங்கப்பூரில் அச்சேறியது. 1887-இல் மகுதூம் சாயபு இங்கே 'சிங்கை நேசன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். இன்றைய வசதிகளில் ஒன்றும் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் நெஞ்சில் இருந்ததை ஏட்டில் இறக்கி வைத்தார்கள்.

நாம் புலவராக வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கணக்கு எழுதிய கையால், அன்று கண்ட நல்லது ஒன்றை நாலு வரி எழுதுங்கள். பைத்து தெரிந்தவர் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து ஓதுங்கள். தையல் தெரிந்த பெண்மக்களின் கைவேலையைப் பார்த்து வாய்விட்டுப் பாராட்டுங்கள். ஊரில் உம்மா இருந்தால், அவர்கள் பாடிய தாலாட்டைத் தொலைபேசியில் பாடச் சொல்லிப் பதிந்து வையுங்கள். அந்தக் குரல் போய்விட்டால் எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. நம் பேரப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்தே கூடவில்லை. அவர்களுக்குக் கடையை விட்டுப் போவோம், சரி. நம் மனத்தில் இருந்தது என்ன என்று யார் சொல்வது?

செல்வம் என்பது சரக்கின் பெருக்கம் அன்று, மனத்தின் நிறைவே என்பது நபிமொழியின் கருத்து. அந்தச் செல்வம் கல்லாவில் சேர்வதில்லை. அதற்கென்று தினம் ஒரு சிறு நேரம் ஒதுக்கினால்தான் சேரும். இன்றிரவே தொடங்குங்கள், மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம்.

யா அல்லாஹ்! எங்கள் வியாபாரத்தில் பரக்கத்தையும், எங்கள் வீடுகளில் சிரிப்பையும், எங்கள் உள்ளங்களில் போதும் என்ற நிறைவையும் தந்தருள்வாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.