கத்தரிச் செடியும் கணிப்பொறியும்

பஞ்ச சீலத்தை ஏற்று வாழும் இல்லறத்தார்க்கு, முதற் சீலமாகிய கொல்லாமை நாவினால் சொல்லுதற்கு எளிதாயும் நடத்துதற்கு அரிதாயும் இருப்பதை நாம் அறிவோம். ஒக்கலிபுரத்தில் வாழும் நம் பௌத்த இளைஞர் சிலர் அண்மையில் எழுப்பிய வினாவொன்று இவ்வருமையை நன்கு புலப்படுத்துகிறது. அவர்கள் பகலெல்லாம் கணிப்பொறியின் முன் அமர்ந்து பிழைப்பவர்கள். காலையிலும் மாலையிலும் மொட்டை மாடியில் தொட்டிகளும் பைகளும் வைத்துக் கத்தரி, வெண்டை, தக்காளி, அவரை, கீரை முதலியன வளர்ப்பவர்கள். 2020இல் பெருந்தொற்றின் காரணமாக அலுவலகங்கள் மூடப்பட்டு, வேலை வீட்டுக்கே வந்தபோது தொடங்கிய பழக்கம் இது. கத்தரியில் புழு விழுகிறது. வெண்டை இலையின் அடியில் அசுவினி மொய்க்கிறது. புழுவை நசுக்கினால் சீலம் கெடுகிறது; விட்டுவிட்டால் செடி கெடுகிறது. ஆகவே தோட்டத்தைக் கைவிட்டு, எவ்வுயிரையும் வருத்தாத கணிப்பொறி வேலையோடு நின்றுவிடுவதே உபாசகர்க்குத் தகுமோ என்பது அவர்களது கேள்வி.

இக்கேள்விக்குள் இரண்டு முடிவுகள் முன்கூட்டியே புகுந்திருக்கின்றன. தோட்டம் கொலைக்களம் என்பது ஒன்று; கணிப்பொறி குற்றமற்றது என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே ஆராய வேண்டும்.

பகவன் புத்தர் துறவியர்க்கும் இல்லறத்தார்க்கும் ஒரே விதியை வகுத்தாரில்லை. பிக்குகள் நிலத்தைத் தோண்டலாகாது, செடி கொடிகளை அழிக்கலாகாது என்று விநயம் விலக்குகிறது. இல்லறத்தார்க்கு அவ்விலக்கு இல்லை. உபாசகன் செய்யத்தகாத வாணிபம் ஐந்து என்று கூறுமிடத்து, ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையே பகவன் எண்ணிச் சொன்னார். உழவு அவ்வைந்தில் இல்லை. நஞ்சு இருக்கிறது என்பதை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? மச்சிம நிகாயத்திலுள்ள உபாலி சுத்தத்தைப் பயின்றோர்க்கு அது விளங்கும். நாலந்தாவில், பாவாரிகனின் மாந்தோப்பில் பகவன் தங்கியிருந்தபோது, நிகண்டரின் அடியாராகிய உபாலி என்னும் இல்லறத்தார் வாதம் புரிய வருகிறார். உடலின் செய்கையே பெருங்குற்றம் தரும் என்பது நிகண்டர் கொள்கை. மனத்தின் செய்கையே பெரிது என்பது பகவன் கொள்கை. நடந்து செல்லும் நிகண்டரின் காலடியில் எத்தனையோ சிற்றுயிர்கள் மடிகின்றனவே, அதற்கு உம் ஆசான் என்ன பயன் கூறுகிறார் என்று பகவன் வினவுகிறார். எண்ணாமல் நேர்ந்தது பெருங்குற்றமன்று என்று உபாலி விடையிறுக்கிறார். எண்ணியிருந்தாலோ என்றால், குற்றமே என்கிறார். அந்த எண்ணத்தை எந்தச் செய்கையில் சேர்க்கிறீர் என்றால், மனத்தின் செய்கையில் என்கிறார். அவர் வாயாலேயே அவர் கொள்கை வீழ்ந்தது.

மண்ணைக் கிளறும்போது மண்வெட்டியின் வாயில் மண்புழு அகப்பட்டு இறந்தால், கிளறியவன் கொலைஞன் ஆகான் என்பது இதனால் பெறப்படும். ஆனால் உபாலியின் விடையை வசதிக்கேற்ப எடுத்தாளுதல் கூடாது. அசுவினியைக் கண்ணால் கண்டு, கட்டைவிரலால் தேய்த்தொழிப்பது எண்ணிச் செய்யும் செயலே. இவ்விடத்தில் நம்மவர் சிலர் ஒரு புகல் தேடுகின்றனர். வேப்பெண்ணெய் இயற்கையானது, ஆகவே அதைத் தெளிப்பது கொலையாகாது என்பர். வேம்பின் சத்து புழுவை இலை தின்னவொட்டாமல் செய்கிறது. தோலுரித்து வளரவொட்டாமல் தடுக்கிறது. முடிவில் அது சாகிறது. மரத்திலிருந்து வந்ததாயினும் புட்டியிலிருந்து வந்ததாயினும், தெளிப்பவன் மனத்தில் இருந்தது அப்புழு ஒழிய வேண்டும் என்பதே. பெயரை மாற்றுவதால் எண்ணம் மாறிவிடுவதில்லை. மனிதர்க்கும் மண்ணுக்கும் அது குறைந்த கேடு செய்யும் என்று சொல்லுங்கள், ஒப்புகிறோம். அது வேறு பேச்சு.

செய்யத்தக்கன இல்லாமலில்லை. அந்துப்பூச்சி முட்டையிடுமுன் செடியின் மேல் வலைத்துணி போர்த்தலாம். புழு தாக்கிய தளிரைக் கிள்ளி, தொலைவிலுள்ள புதரில் சேர்க்கலாம். அசுவினியை நீரால் பீச்சி அகற்றலாம். பொறிவண்டுகள் வந்து தங்கும்படி ஓரிரு பூச்செடிகளை இடையில் நடலாம். பத்துக் காய்களில் மூன்றைப் புழுவுக்கு விடலாம். மாடித் தோட்டத்தினால் எவரும் குடும்பம் காப்பதில்லை ஆதலின் அந்த நட்டத்தைத் தாங்கும் வசதி நமக்கு உண்டு. ஐந்து ஏக்கர் பயிரிட்டுக் கடன் கட்டவேண்டிய குடியானவர்க்கு அவ்வசதி இல்லை என்பதையும் எண்ண வேண்டும். அவரை நம் மாடியிலிருந்து நியாயம் தீர்ப்பது தகாது.

இவ்வளவும் தொல்லையென்று தோட்டத்தைக் கைவிட்டால் சீலம் தப்புமோ? சந்தையில் வாங்கும் கத்தரிக்காயும் புழுவுக்கு இரையாகாமல் நம்மிடம் வந்து சேர்ந்த காய்தானே. பல முறை நஞ்சு தெளித்தே அது காக்கப்படுகிறது. நம் கையால் செய்யாததைப் பிறர் கையால் செய்வித்து, விலையும் கொடுத்து வாங்குகிறோம். அந்தப் பிறர் யார்? நஞ்சுத் தொட்டியை முதுகில் சுமந்து வயலில் நடப்பவர் பெரும்பாலும் நிலமில்லாத கூலியாளர். நம் உறவினராகவே அவர் இருக்கக்கூடும். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்காக வானிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டு, அங்குள்ள மக்கள் பட்ட துன்பம் நாடறிந்தது. 2011ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நஞ்சு வாணிபத்தைப் பகவன் விலக்கியதன் பொருளை அவ்வூர் மக்களைக் கண்டவர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனிக் கணிப்பொறியைப் பார்ப்போம். அது எவ்வுயிரையும் வருத்தாதது என்கிறார்களே, அதை எப்படி அறிந்தார்கள்? கணிப்பொறி ஒரு கருவி. அதில் ஒருவர் எழுதும் நிரல் என்ன செய்கிறது என்பதன்றோ கேள்வி. மருத்துவமனையில் நோயாளியின் இரத்தக் கணக்கைக் காக்கும் நிரலும் நிரலே. பணம் வைத்து ரம்மி ஆடத் தூண்டும் நிரலும் நிரலே. இப்பெங்களூரில் அவ்விரண்டுவகை நிறுவனங்களிலும் நம் பிள்ளைகள் போன்றோர் ஊதியம் பெற்றிருக்கின்றனர். சூது செல்வத்தை அழிக்கும் வாயில்களுள் ஒன்றென்று சிகாலன் என்னும் இல்லற இளைஞனுக்குப் பகவன் உரைத்தார். அக்காலச் சூதாடி கழகத்துக்கு நடந்து செல்ல வேண்டியிருந்தது. நம் காலத்தில் கழகமே படுக்கையறைக்கு வந்துவிட்டது. எத்தனை குடும்பங்கள் அதனால் கடனில் அமிழ்ந்தன, எத்தனை பேர் உயிரையே மாய்த்துக்கொண்டனர் என்பதைத் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் படித்து வருந்தினோம். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. சட்டம் வருமுன் அவ்விளையாட்டை வடிவமைத்தவர்கள், ஆடுபவன் எப்போது எழுந்துபோக நினைப்பான், எதைக் காட்டினால் மீண்டும் அமர்வான் என்று கணக்கிட்டே எழுதினர். அவர்களுள் ஒருவரும் புழுவை நசுக்கியிருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம்.

நாங்கள் எழுதியது ஒரு சிறு பகுதி, முழுவதையும் யாம் அறியோம் என்று அவர்கள் சொல்லக்கூடும். பெரிய நிறுவனங்களில் வேலை அவ்வாறே கூறுகூறாகப் பிரிக்கப்படுகிறது என்பது உண்மை. உபாலியின் விடை இங்கே துணைக்கு வருமோ? அறியாமல் மிதித்தவன் குற்றவாளி அல்லன் என்றோம். குனிந்து பார்த்தால் தெரியும் என்றறிந்தும் பாராமலே நடப்பவனை என்னென்பது? அவன் பாராமையிலும் ஓர் எண்ணம் இருக்கிறது. ஊதியம் நின்றுவிடும் என்னும் அச்சமோ, உயரும் என்னும் ஆசையோ அவனைப் பாராதிருக்கச் செய்கிறது. பாராமையையே ஒரு பழக்கமாகக் கொண்டவனுக்கு, எண்ணாமல் நேர்ந்தது என்னும் புகல் கிட்டாது என்பது நம் துணிபு.

தோட்டத்தின் பயன் இவ்விடத்தில்தான் நமக்குத் தெரிகிறது. தோட்டத்தில் உயிர் கண்ணெதிரே இருக்கிறது. இலையைத் திருப்பினால் புழு நெளிகிறது. செய்வதா விடுவதா என்று கை தயங்குகிறது. எண்வகை மார்க்கத்தில் நற்கடைப்பிடி என்று கூறப்படுவதற்கு இத்தயக்கம் தொடக்கமாகும். கணிப்பொறித் திரையில் அவ்வாறு எதுவும் நெளிவதில்லை. புழுவுக்காக வருந்தி நம்மிடம் வந்த இளைஞர்களின் நெஞ்சம் நல்ல நெஞ்சமே. அந்த வருத்தம் மாடிப்படி இறங்கி அலுவலக மேசை வரையில் செல்லவில்லையே என்பதுதான் நம் குறை.

நம் மூத்தோர் சிலர் இத்தோட்ட வேலையையே வெறுக்கின்றனர். படித்துப் பெரிய உத்தியோகத்திலிருக்கும் மகன் கையில் மண்ணோடு நிற்பதைக் கண்டு முகம் சுளிக்கின்றனர். அதை நாம் எள்ளவியலாது. நம் முன்னோர்க்கு மண் பிறருடையதாகவும் உழைப்பு மட்டுமே தமதாகவும் இருந்தது. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையின் பயனாக 1892இல் பஞ்சமர்க்கு நிலம் வழங்க ஆணை பிறந்தது. அந்நிலமும் பெரும்பாலும் பிறர் கைக்குப் போயிற்று. அடிமை உழவிலிருந்து தப்பிக் கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்கும், இங்குள்ள பின்னி ஆலைக்கும், ரயில் பாதை வேலைக்கும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்மில் பலர். 1898இல் கொழும்பு சென்று பஞ்ச சீலம் ஏற்றுத் திரும்பிய பண்டித அயோத்திதாசரின் சொல் பரவியதும் இத்தொழிலாளர் நடுவேதான். ஆகவே, மண்ணுக்குத் திரும்புங்கள், கிராமமே தூய்மை என்று பாடுவோரோடு நாம் சேர்ந்து பாடுவதற்கில்லை. பாபாசாகேப் அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் புகழ்ச்சியை எவ்வளவு கடுமையாக மறுத்தார் என்பதை நாம் மறக்கவில்லை. மாடித் தோட்டத்தில் கட்டளையிடும் ஆண்டையும் இல்லை, அளக்கும் மரக்காலும் இல்லை. தானே விரும்பி இட்ட விதை என்பதே அதன் வேற்றுமை.

நேரமில்லை என்போர்க்கும் ஒரு சொல். 2023 அக்டோபரில் இந்நகரத்துப் பெருந்தொழிலதிபர் நாராயணமூர்த்தி அவர்கள், இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை வகித்த காலத்தில், 1946இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, வார வேலை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. அவ்வாறு பெற்றதை நம் பிள்ளைகள் கணிப்பொறியின் முன் தாமே திருப்பிக் கொடுத்துவிடலாகாது. கால் வெடித்துக் குருதி சொரியும்வரை நடந்து தவம் புரிந்த சோணருக்குப் பகவன் வீணை நரம்பை எடுத்துக்காட்டியது முயற்சியின் மிகுதியைத் தணிப்பதற்காகவே. மாலையில் அரைமணி நேரம் செடிக்கு நீர் விடுபவன் அந்த நரம்பைச் சற்றே தளர்த்துகிறான்.

நீர் என்றவுடன் 2024 கோடை நினைவுக்கு வரும். அவ்வாண்டு மார்ச்சில், குடிநீரைத் தோட்டத்துக்குப் பயன்படுத்துவோர்க்கு 5000 ரூபாய் தண்டம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அரிசி கழுவிய நீரும் காய் அலசிய நீருமே அப்போது ஒக்கலிபுரத்துச் செடிகளைக் காத்தன. மற்றக் காலத்திலும் அவ்வாறே செய்வது நன்று.

மஞ்சள் நிற ஒட்டுத்தாளைத் தொங்கவிட்டுப் பூச்சிகளைச் சிக்கவைக்கலாமா என்றும் அவர்கள் கேட்டனர். வேண்டாம் என்றோம், அதில் ஒட்டியது துடித்துக்கொண்டே பல மணி நேரம் கிடக்கிறது, பொறிவண்டும் தப்புவதில்லை. வலைத்துணி போதும். வரும் பௌர்ணமி உபோசதத்தன்று அவர்கள் ஒவ்வொருவரும், தாம் எழுதும் நிரல் இறுதியில் யார் கையில் சேர்கிறது, அங்கே என்ன செய்கிறது என்பதைத் தத்தம் அலுவலகத்தில் கேட்டறிந்து வந்து சொல்ல வேண்டும் என்று வேண்டியிருக்கிறோம். கத்தரி நாற்று வேண்டுவோரும் அன்றே வந்து பெற்றுக்கொள்ளலாம்.