சதுப்பு நிலத்தின் கணக்கை யார் தீர்ப்பது?

தென்சென்னையில் பெய்யும் மழை ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து பள்ளிக்கரணையில் வந்து சேர்கிறது. அங்கே பரவித் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைத் தொட்டு, கோவளத்தில் கடலில் கலக்கிறது. ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் இருந்த சதுப்பு அது. 2022-இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது சுமார் 1,248 ஹெக்டேர்தான்.

மீதியை விழுங்கியது யார்? ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்றதும் குடிசைகள்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் சதுப்பில் இருக்கும் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு மாநகராட்சியுடையது. பறக்கும் ரயில் பாதையும், கடல்சார் தொழில்நுட்பத்துக்கும் காற்றாற்றலுக்குமான தேசிய நிறுவனங்களும் அரசு எழுப்பியவை. தகவல் தொழில்நுட்பச் சாலையை ஒட்டி எழுந்த அடுக்குமாடிகள் பலவற்றுக்கு முறையான திட்ட அனுமதி உண்டு.

மறுபக்கத்திலும் வாதம் இருக்கிறது. அந்தச் சாலை பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. வங்கிக் கடனில் வீடு வாங்கியவர் அனுமதியை நம்பித்தான் பணம் கட்டினார். அவர் வீட்டை இடிப்பது நியாயம் ஆகாது; நிலம் அழிந்தது அழிந்ததே என்று கைவிரிப்பதும் நியாயம் ஆகாது.

இதைவிடக் கூர்மையான அநீதி ஒன்று உண்டு. வெள்ள ஆபத்தைக் காரணம் காட்டிக் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல, பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அதுவும் இந்தச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம்தான். பெருமழை பெய்தால் அங்கேயும் தண்ணீர் சூழ்கிறது. வேலையையும் பிள்ளைகளின் பள்ளியையும் விட்டு வந்தவர்களுக்குக் கிடைத்தது இன்னொரு வெள்ளக்காடு. எந்தத் திட்டக் காரணமும் இதை நியாயப்படுத்தாது.

தவறு எங்கே தொடங்கியதோ, திருத்தமும் அங்கேதான் தொடங்க வேண்டும். வீடு வாங்கியவரிடமோ குடிசைவாசியிடமோ அல்ல, அனுமதி கொடுத்த அலுவலகங்களிடம். சதுப்பின் எல்லையைப் புல எண் வாரியாக வரைந்து பொதுமக்கள் பார்வைக்கு வைக்காமல் சுற்றுவட்டாரத்தில் ஒரு கட்டடத்துக்கும் ஒப்புதல் தரக்கூடாது.

இன்னொன்றும் அரசின் கையில் இருக்கிறது. பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை தொடங்கப்பட்டிருக்கிறது. மீட்கும் இடத்தில் பூங்காவும் நடைபாதையும் அமைத்தால் ஊருக்கு அழகுதான். ஆனால் அந்த நிலம் சதுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. தண்ணீர் மீண்டும் வந்து நிற்கும் பள்ளமாகவே அதைச் சதுப்புக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் முறை.