மூன்றாண்டு அமானிதம்

பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் நாளில் நம் இல்லங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "எந்தப் படிப்பு?" அந்தப் படிப்பைக் கொண்டு என்ன செய்வது என்னும் கேள்வியோ, பெரும்பாலும் பட்டச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே எழுகிறது. இவ்விரு கேள்விகளுக்கும் இடையில் மூன்றாண்டுகள் கழிந்துவிடுகின்றன. அந்த மூன்றாண்டுகள் யாருடையவை? படிக்கும் பிள்ளையுடையவையா, படிக்க வைக்கும் பெற்றோருடையவையா? இதனையே நாம் ஈண்டுச் சிந்திக்க விழைகிறோம்.

தொழில் தேடுவது பிழைப்பைப் பற்றிய செய்தி. அதில் அறத்துக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். வேலை உண்டு. நம் ஊர்களில் எத்தனையோ பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் சபுராளிகளின் உழைப்பிலிருந்து வருகிறது. வாப்பா வளைகுடா நகரம் ஒன்றில் நாலைந்து பேரோடு ஓர் அறையில் தங்கி, ஊருக்கு வரும் விடுமுறையையும் தள்ளிப் போட்டு அனுப்பும் பணம் அது. உள்ளூரில் சிறுகடை நடத்துபவர் வீட்டிலோ, உம்மாவின் வளையல்கள் வங்கியில் அடகு இருக்கின்றன. இவ்வாறு பிறர் தம் வாழ்நாளிலிருந்து எடுத்துக் கொடுத்த காலத்தைத்தான் மாணவர் தம்முடைய கல்லூரி நாட்கள் என்கிறார். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பழுதின்றிக் காப்பதை அமானிதம் என்கிறோம். பொருள் மட்டுமா அமானிதம்? காலமும் அமானிதமே.

கல்லூரிகளும் அவ்வாறே வந்தவை. 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் எழுந்தபோது, சமுதாயத்தின் செல்வர்கள் தம் பொருளை வாரி வழங்கினர். தம் பெயரனுக்கு மட்டும் வழங்கவில்லை. பெயர் தெரியாத பிள்ளைகளுக்கும் வழங்கினர். அந்த வகுப்பறையில் அமர்பவர் தம் பெற்றோருக்கு மட்டுமன்றி, தாம் கண்டிராத மனிதர்களுக்கும் கடன்பட்டவர் ஆகிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். கல்வியின் நோக்கம் அறிவன்றோ? முதலாண்டிலிருந்தே சம்பளத்தை எண்ணிக்கொண்டிருப்பவன் அறிஞனாவானா? இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆயினும் கல்வியும் தொழிலும் பகையானவை என்று அது கொள்வது பிழை. இரண்டாண்டுகள் பாடத்தை ஊன்றிப் படிக்காமல், மூன்றாம் ஆண்டு இறுதியில் வினா–விடைத் தொகுப்பை மனப்பாடம் செய்து தேறியவர், அறிவுக்கும் உண்மையாக நடந்துகொள்ளவில்லை. பிழைப்புக்கும் வழி தேடிக்கொள்ளவில்லை. பாடத்தை விளங்கிப் படிப்பதே முதல் ஆயத்தம். அதன் மேல்தான் மற்ற ஆயத்தங்கள் நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வணிகவியல் படிக்கும் மாணவர் ஒருவர் சரக்கு சேவை வரி 2017 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகிறார். அவருடைய மாமாவின் கடையிலோ, விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11ஆம் நாளுக்குள்ளும், சுருக்கக் கணக்கையும் வரியையும் 20ஆம் நாளுக்குள்ளும் செலுத்துவதற்குள் வீடே பரபரக்கிறது. மருமகன் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, மாமாவும் அழைப்பதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் அந்தப் பற்றுச்சீட்டுகளை அவர் அடுக்கிப் பதிந்தால், ஓராண்டில் புத்தகத்தில் படித்த சொற்களெல்லாம் கைப்பழக்கமாகிவிடும். பிறகு ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தின் வாசலில் நிற்கும்போது, "எனக்கு வேலை கற்றுக்கொடுங்கள்" என்று மட்டுமன்றி, "இவ்வளவு வேலை எனக்குத் தெரியும்" என்றும் சொல்லலாம். இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடப்பதே ஆயத்தம். இதற்குப் பணம் வேண்டியதில்லை. கூச்சத்தை விட்டால் போதும்.

வாயில்கள் எங்கே இருக்கின்றன என்று முன்னரே அறிந்துகொள்வதும் கடமையாகும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. ஆதலால் 18 வயது நிறைந்த மாணவர் அதன் பெரும்பாலான பணிகளுக்குப் படிக்கும்போதே எழுதலாம். மத்தியக் குடிமைப் பணிகளின் முதல்நிலைத் தேர்வுக்கு, உரிய வயது நிறைந்த இறுதியாண்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973இல் பொறியியல் பட்டதாரிகளுக்கும், 2014இல் பிற பட்டதாரிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. உதவித்தொகை பெற்றுக்கொண்டே வேலை பழகும் வழி அது. கல்லூரி மாணவரின் திறன் பயிற்சிக்காகத் தமிழக அரசு 2022 மார்ச்சில் "நான் முதல்வன்" திட்டத்தைத் தொடங்கியது. 2007இல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் அரசுப் பணியிலும் 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு வந்தது. ஒதுக்கப்பட்ட இடமும் விண்ணப்பம் போடாதவரைத் தேடி வருவதில்லை.

இனி, ஆயத்தம் என்னும் பெயரால் நடைபெறும் ஒரு தீங்கைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. இறுதியாண்டில் மாணவர் தாமே செய்யவேண்டிய ஆய்வேட்டை, விலை கொடுத்து வாங்கிப் பெயரை மாற்றிச் சமர்ப்பிக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. செல்லாத இடத்தில் பயிற்சி பெற்றதாகச் சான்றிதழ் வாங்குவதும் உண்டு. "எல்லாரும் செய்கிறார்களே" என்பதே இதற்குச் சொல்லப்படும் சமாதானம். வாழ்நாள் முழுவதும் ஹலாலான சம்பாத்தியத்தை உண்ண விரும்பும் ஒருவர், தம் தொழில் வாழ்வின் முதற் பக்கத்தையே பொய்யால் எழுதலாமா? அதில் இழப்பும் உண்டு. அந்த ஆய்வேட்டைத் தாமே செய்திருந்தால், குறைபாடுள்ளதாக இருப்பினும், நேர்முகத்தில் அதைப் பற்றி எந்தக் கேள்வி கேட்டாலும் விடை சொல்லியிருப்பார். வாங்கியவர் முதற் கேள்வியிலேயே வாயடைத்து நிற்கிறார்.

பெற்றோருக்கும் சொல்லவேண்டியது உண்டு. பணம் கட்டியதோடு தம் கடமை முடிந்தது என்று எண்ணுவது சரியன்று. அதே வேளையில், அமானிதம் என்னும் சொல்லைக் கொண்டு பிள்ளையின் விருப்பத்தை நெருக்குவதும் சரியன்று. எந்தத் தொழில் என்பதைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். தேர்ந்ததற்காக என்ன செய்தார் என்பதைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. தொலைபேசியில் "சாப்பிட்டாயா, பணம் வந்ததா" என்று கேட்கும் வாப்பா, "இந்த மாதம் புதிதாக என்ன வேலை கற்றாய்?" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டால் என்ன?

பெண்மக்களிடம் இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. நம் ஊர்களிலிருந்து பெண்கள் திரளாகக் கல்லூரிக்குச் செல்வது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவர்களுடைய பட்டம் திருமணப் பேச்சின்போது எடுத்துக்காட்டும் அணிகலனாக மட்டும் அமைந்துவிடுமானால், அதுவும் அமானிதத்தைப் பாழாக்குவதே. குடும்பத் தலைவர் திடீரென்று நோயில் விழுந்த வீடுகளையும், விசா முடிந்து வெறுங்கையோடு திரும்பிய வீடுகளையும் நாம் அறிவோம். அந்நாளில் கைத்தொழிலோ கணக்கோ ஆசிரியப் பயிற்சியோ உடைய பெண் ஒருத்தி அவ்வீட்டைத் தாங்கியதையும் அறிவோம்.

இத்தனையும் செய்த பிறகும் வேலை உடனே கிடைத்துவிடும் என்று நாம் உறுதி கூறவில்லை. காலமும் சந்தையும் நம் கையில் இல்லை. விதைப்பவனுக்கு மழையும் கையில் இல்லை. அதற்காக அவன் உழாமல் இருப்பதில்லை. தவக்குல் என்பது உழுத பின்னர் வானத்தை நோக்குவதேயன்றி, உழாமல் வரப்பில் அமர்ந்திருப்பது அன்று. ஆயத்தம் செய்தும் தாமதமானவருக்குத் தம் பெற்றோரின் முகத்தை நேரே பார்க்கும் துணிவாவது இருக்கும்.

இவ்வாண்டு இரண்டாம் ஆண்டில் இருக்கும் பிள்ளை நம் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. பட்டம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று அவரிடம் நாம் சொல்லாதிருப்போம். நம் கடையின் கணக்கேட்டையும், நம் பட்டறையின் கருவிகளையும், நம் அலுவலகத்தின் கதவையும் அவருக்கு இன்றே திறந்து வைப்போம். அல்லாஹ் நம் பிள்ளைகளின் முயற்சியில் பரக்கத் செய்வானாக!